மாமனின் இடது கால்

பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு நான்காம் வகுப்பு படித்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இருப்பவர்களுக்கு என் மாமனை நினைவிருக்கும். சந்திப்பில் தையல்கடை வைத்திருந்தவர். உங்களில் பாதிப் பேருடைய சட்டைகளை அவர்தான் தைத்தார். எல்லைப் போராட்டத்தில் போலீஸ்காரன் அடித்து நடக்கமுடியாமல் போனவர் என்பதும் நினைவிருக்கும். அந்த இரண்டாவது நினைவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதை உங்கள் மனதில் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

மாமன் என் அம்மையின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போவேன். புதுத் துணியின் கஞ்சி வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் சிரட்டைக்கரி புகையும் கலந்து கிடக்கும். அந்த இஸ்திரிப்பெட்டி இப்போது எங்கே போயிற்றோ. மூடியின் கொக்கி ஒரு பித்தளைச் சேவல். சேவலின் தலை தேய்ந்து கண் மட்டும் மிஞ்சியிருந்தது. மாமன் அதைத் திறந்து கனலை ஊதும்போது நான் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

ஒருநாள் அப்படி ஊதும்போது ஒரு கனல் துண்டு தெறித்து அவருடைய இடது புறங்காலில் விழுந்தது. மாமன் தொடர்ந்து ஊதிக்கொண்டிருந்தார். தோல் கருகுகிற வாசம் எனக்கு வந்தது. நான்தான் சொன்னேன்.

"மாமா, காலுல தீ."

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். தட்டிவிட்டு, "அம்மைட்ட பறையாத மக்கா, வெறுதே பயப்படுவா" என்றார். நான் சொல்லவில்லை.

அதன்பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. நடந்துவரும்போது இடது செருப்பு வழியில் கழன்று கிடக்கும். அவர் பாட்டுக்கு வந்துவிடுவார். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். மெஷினை மிதிக்கும்போது தாளம் தப்பும். நூல் அறும். "இஞ்ச வா, கொஞ்சம் சவுட்டு" என்று என்னைக் கீழே உட்காரவைத்துக் கையால் மிதியை அழுத்தச் சொல்வார். எனக்கு அது விளையாட்டு. மெஷின் பழசானதுதான் காரணம் என்று அவர் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடங்களில் ஊரில் வேறு பேச்சே கிடையாது. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் திருக்கொச்சி மாநிலத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம். நெய்யாற்றின்கரையும் அதில் உண்டு என்று நம் பக்கம் எல்லோரும் நம்பினோம். என் அப்பா தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்க் கமிட்டியில் இருந்தார். மாமன் கொடி தைத்துக் கொடுத்தார். இனிமேல் வாயில் மலையாளம் வராது என்று கமிட்டியில் சத்தியமும் செய்திருந்தார். நெய்யாற்றின்கரைக்காரர் ஒரு போலீஸ்காரர் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். அவருடைய காக்கி நிக்கரையும் மாமன்தான் தைப்பார். அவர் மலையாளத்தில் அளவு சொல்வார், மாமன் தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சிரிப்பு இருக்கும். அவர் மகள் வகுப்பில் என் பெஞ்சுக்காரி.

ஊர்வலம் நடந்த அன்று சந்திப்பில் கூட்டம் நெருக்கியடித்தது. நான் கடையின் முன்பலகையில் ஏறி நின்றிருந்தேன். கல்லெறி எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. போலீஸ் கம்போடு ஓடிவந்தது. ஜனங்கள் சிதறினார்கள். மாமனால் ஓடமுடியவில்லை. இரண்டு எட்டு வைத்தார், இடது கால் பின்னால் இழுபட்டது, அப்படியே முகம் குப்புற விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் எங்கள் தெருக்கோடிப் போலீஸ்காரர். கம்பு ஓங்கியிருந்தது. விழுந்தவரைப் பார்த்ததும் கம்பைத் தாழ்த்தினார். குனிந்து மாமனின் கையைப் பிடித்தார். இவ்வளவுதான் நான் கண்டது. அதற்குள் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் மாமனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. விழுந்த அதிர்ச்சியில் அதுவரை தாங்கிநின்ற காலும் தளர்ந்துபோனது. வைத்தியம் பார்க்க வந்த வர்ம ஆசான் முதுகைத் தடவிப் பார்த்து, "இது கம்படியாக்கும். வர்மத்துல அடி கொண்டிருக்கு" என்றார். எண்ணெய், மருந்தைத் துணியில் முடிந்து ஒற்றுகிற கிழி, கட்டு. அந்த எண்ணெயின் கசப்பு வாசம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஏறிவிட்டது.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். "நீ முன்னாலயில்லா நின்ன. போலீஸ்காரன் கம்பு ஓங்குனத பாத்தியா?"

"பாத்தேன்."

"மாமன் விழுந்தத பாத்தியா?"

"பாத்தேன்."

"பின்ன அடிச்சதயும் பாத்திருப்பியே, பிள்ளே."

அப்பா பொய் சொல்லச் சொல்கிறவர் அல்ல. வகுப்பில் பொய் சொன்னவனை அடிக்கவும் மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அடியைவிட மோசம். அவர் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று நம்பினார். கம்பு ஓங்கினால் அடி விழும், அடி விழுந்தால் ஆள் விழுவான். எனக்கும் அவர் சொன்னபிறகு அது சரியென்றே பட்டது. "ஆமா" என்றேன்.

சர்க்கார் ஆட்கள் வந்து தங்குகிற முசாவரி பங்களாவில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்திருந்தார். அவர் மலையாளத்தில் கேட்டார். அப்பா சொல்லிக்கொடுத்திருந்தபடி நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கே அடித்தார் என்று கேட்டார். நான் என் முதுகைத் திருப்பிக் கையை எட்டிய இடத்தில் வைத்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் கமிட்டிக்காரர்கள் என்னைத் தூக்கி ஒரு நாற்காலியில் நிறுத்தினார்கள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

போலீஸ்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊர் வேறுவிதமாகத் தண்டித்தது. அவர் வீட்டுக்குப் பால்காரி போகவில்லை. மீன்காரி அந்த நடையில் கூடையை இறக்கவில்லை. அவர் மகள் ஒருநாள் வகுப்பில் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீ கண்டதாணோ?" என்று கேட்டாள். கண்டேன் என்று சொல்லிவிட்டு நான் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் வருவது நின்றது. அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்கள் அவள் அம்மையின் ஊரான கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மாமனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். மாலை போட்டார்கள். மாமன் பேசமாட்டார், பேசவேண்டிய அவசியமும் இல்லை. அவர் காலைக் காட்டித்தான் மற்றவர்கள் பேசினார்கள். மாதங்கள் போயின. இரண்டு காலும் கம்புபோல விறைத்துக்கொண்டன. சிறுநீர் தானாகப் போகவில்லை. அன்றைக்குத்தான் அம்மை ஆசானின் கிழியை எடுத்து வெளியே எறிந்தாள்.

"வண்டி பிடிக்கணும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்" என்றாள்.

அப்பா மறித்தார். "எந்த சர்க்கார் அடிச்சுதோ அந்த சர்க்காருக்க ஆஸ்பத்திரிக்கா? கமிட்டிக்காரங்க என்ன நினைப்பாவ?"

"இது எனக்க தம்பிக்க காலாக்கும். கமிட்டிக்க கால் இல்ல."

அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

நெய்யாற்றின்கரை டாக்டர் வயதானவர், பேச்சுக் குறைவு. ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நடக்கவே முடியாத கால் அவரையே உதைப்பதுபோல எகிறியது. சாவியால் உள்ளங்காலில் கோடு இழுத்தார். பெருவிரல் மேல்நோக்கி நிமிர்ந்தது. பிறகு ஒரு குண்டூசியை எடுத்துக் காலிலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்தார். மாமன் கண்ணை மூடி, "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வந்ததும் "உண்டு" என்று துள்ளினார். டாக்டர் அந்த இடத்தில் மையால் ஒரு கோடு போட்டார்.

"வியாதி காலில் இல்லை, முதுகெலும்புக்குள்ளே" என்று அம்மையிடம் சொன்னார். மூளையையும் முதுகுத்தண்டையும் திறந்து ஆபரேஷன் செய்கிறவர்கள் அப்போது நம் பக்கம் கிடையாது. மதராஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். தாமதிக்காதே என்று இரண்டு தடவை சொன்னார்.

அம்மைக்கு எழுத்துத் தெரியாது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திருநெல்வேலி வரை பஸ்ஸில் பின் இருக்கையில் மாமனைப் படுக்கவைத்து, பிறகு ரயிலில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். ஆட்களுக்கு முன்னால் குழந்தைபோலத் தூக்கி எடுக்கப்படுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வரிசையில் தலை மழித்துக் கட்டுப் போட்டவர்கள், இன்னொரு வரிசையில் முதுகு வியாதிக்காரர்கள். பக்கத்துக் கட்டில்காரர் தன் மனைவியை யாரென்று தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தார். மண்டையைத் திறந்து ஏதோ எடுத்தபிறகு ஒருநாள் காலையில் அவளைப் பார்த்து, "எப்பம்மா வந்தே?" என்று கேட்டார். அந்த அம்மாள் வார்டு முழுக்க ஒவ்வொரு கட்டிலாகப் போய் அதைச் சொல்லி அழுதாள். அங்கே நோயாளியின் ஆட்கள் வெளியே சாய்ப்பில் கஞ்சி வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். முதுகு வளையாமல் கட்டையைப் புரட்டுவதுபோல நாலு பேர் சேர்ந்து புரட்டுவது எப்படி என்று அம்மைக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அந்த நர்ஸ் மலையாளத்துக்காரி.

மாமனின் முதுகில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி, படுக்கையோடு தலைகீழாகச் சாய்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மருந்து ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டதாம், அதற்குமேல் போகவில்லையாம். சர்ஜன் இளவயதுக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அம்மைக்கும் எனக்கும் காட்டினார்.

"இங்கே ஒரு கட்டி. நரம்புத்தண்டை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருக்கிறது. கெட்ட கட்டிபோலத் தெரியவில்லை. மெதுவாக வளர்கிற ரகம்" என்றார். பிறகு மாமனிடம் கேட்டார். "எப்போ ஆரம்பிச்சது?"

"போலீஸ் அடிச்ச பொறவு" என்றார் மாமன்.

"அதற்கு முன்னாடி காலில் மரமரப்பு, தடுமாற்றம், சூடு தெரியாமல் போறது, ஏதாவது உண்டா?"

"இல்ல."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சூடு என்றதும் எனக்கு அந்தக் கருகல் வாசம் வந்தது. "மாமா, கனல் விழுந்துது இல்லா" என்றேன். "ஒமக்குத் தெரியல்ல. நான்தான் சொன்னேன். செருப்பும் கழந்து கழந்து போச்சு."

சர்ஜன் போர்வையை விலக்கினார். இடது புறங்காலில் அந்தத் தழும்பு காசு அளவுக்கு வெளுத்துக் கிடந்தது. "இது எப்போ?"

மாமன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்வலத்துக்கு மூணு மாசம் முன்ன" என்றார்.

"அப்படியானால் அடியால் வந்ததில்லை. இது ஒரு வருஷத்துக்கு மேலாகவே உள்ளே இருந்திருக்கிறது" என்றார் சர்ஜன். அவருக்கு அது ஒரு குறிப்பு. எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாமன் என்னிடம் மட்டும் சொன்னார். "மக்கா, அவரு எனக்க மேல கம்பு வைக்கல்ல. எனக்கு அப்பமே அறியும். எல்லாரும் சொல்லச்சொல்ல, ஒருவேளை பட்டிருக்குமோண்ணு எனக்கும் தோணிப்போச்சு. பிறகு மாலையெல்லாம் போட்டாவ. எப்பிடிச் சொல்ல?"

ஆபரேஷன் அன்று காலையில் அந்த நர்ஸ் வந்து தள்ளுவண்டியில் மாமனைக் கவிழ்த்துப் படுக்கவைத்தாள். வாசலைத் தாண்டும்போது மாமன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டரே, ஞான் நடக்குமோ?" என்றார். சத்தியம் செய்தபிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மலையாளம் அது. அவள், "நடக்கும் சேட்டா, தைரியமாயிட்டு இரி" என்றாள்.

மத்தியானம் தாண்டிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மருந்துத் தண்ணீருக்குள் கட்டியைக் காட்டினார்கள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, வெளுத்த சிவப்பு. அம்மை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனையேயுள்ளதா?" என்றாள். சர்ஜன் சொன்னார்: "முழுசா எடுத்தாச்சு. வலது கால் நன்றாக வரும். இடது பக்கம் அதிக நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது. ஆறேழு மாசம் முன்னாடியே வந்திருந்தால் நல்லது."

நான்காம் நாள் வலது கால் பெருவிரல் அசைந்தது. அம்மை அதைத் தொடப் பயந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் அப்பாவின் கடிதம் வந்திருந்தது. நான் படித்தேன். எல்லோரும் நலம் கேட்டதாக எழுதியிருந்தார். கடைசியில், அடியால் வந்த ஊனம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரவும், கமிட்டிக்கு அது மிகவும் வேண்டும் என்று இருந்தது. மாமன் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பிறகு மடித்துத் தலையணைக்கடியில் வைக்கச் சொன்னார். பதில் எழுதச் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கப் பழகி, பிறகு ஊன்றுகோலோடு நடந்து, நாங்கள் ஊர் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. பாறசாலைச் சந்திப்பில் பஸ் நின்றபோது மேளம் கேட்டது. உங்களில் சிலர் அங்கே நின்றீர்கள். மேஜைபோட்டு மேடை கட்டியிருந்தார்கள். அப்பா முதலில் பேசினார். போலீஸ்காரனின் அடியில் விழுந்தவன் தமிழனின் உறுதியால் எழுந்து வந்திருக்கிறான் என்றார். அழகாகப் பேசினார். கைதட்டினார்கள். மாலையைப் போட வந்தபோது மாமன் அதைக் கையில் வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். "என்ன ஆரும் அடிக்கல்ல. எனக்க முதுகுக்குள்ள ஒரு கட்டி இருந்துது. டாக்டர் எடுத்தாரு. ஊர்வலத்துல நான் தானா விழுந்தேன். அந்தப் போலீஸ்காரரு என்னத் தூக்கத்தான் குனிஞ்சாரு. நம்ம எல்லாருமா சேந்து அவருக்க குடும்பத்த இங்கேருந்து விரட்டியாச்சு. நானும் மிண்டாம, வாயத் தெறக்காம இருந்தேன். எனக்குத் தமிழ்நாடு வேணும். அதுக்கு இந்தப் பொய் வேண்டாம்."

மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜனங்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அப்பா மேடையிலிருந்து இறங்கி எங்களைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். மாமனிடம் அவர் மறுபடி பேச ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. என்னிடம் பேசினார். ஆனால் வகுப்பில் பொய் சொன்னவனிடம் காட்டுகிற அந்த முகத் திருப்பம் அதன்பிறகு அவரிடம் இல்லை. யாரையும் அப்படித் தண்டிக்கத் தனக்கு இனி உரிமையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. இப்போதுதான் அப்படித் தோன்றுகிறது.

முசாவரி பங்களா அதிகாரிக்கு மாமன் எழுதிக்கொடுத்தார். என்னையும் கூட்டிப்போனார். முன்பு கண்டேன் என்றது பொய் என்று நான் மலையாளத்திலேயே சொன்னேன். சில மாதங்களில் அந்தப் போலீஸ்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டோம். பிறகு மாநிலங்களைப் பிரித்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது; நாம் கேரளத்துப் பக்கமே நின்றோம். மாமன் இடது காலை இழுத்து இழுத்துத்தான் கடைசிவரை நடந்தார். கடைக்கு வராமல்போன ஆட்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

ஒன்று மிச்சமிருக்கிறது. எழுதிக்கொடுத்த அடுத்த வாரம் மாமன் என்னைக் கூட்டிக்கொண்டு கள்ளிக்காட்டுக்குப் போனார். நெய்யாற்றில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம். வழியெல்லாம் கல் ஏற்றிய வண்டிகள், வெள்ளைப் புழுதி. போலீஸ்காரர் அங்கே கல் சுமக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவி வீட்டாரின் ஓலைக்கூரைக்கு முன்னால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை.

மாமன் சொல்லவேண்டியதைச் சொன்னார். மலையாளத்தில் சொன்னார். தடுமாறினார். போலீஸ்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்னு நடந்நே" என்றார். மாமன் முற்றத்தின் கோடிவரை ஊன்றுகோலோடு நடந்து திரும்பி வந்தார். போலீஸ்காரர் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னு நிங்ஙளை எடுக்கும்போழே ஞான் பறஞ்ஞதா, இயாளுக்குக் காலு வய்யா, ஆஸ்பத்திரியில் கொண்டுபோ என்னு. ஆரும் கேட்டில்ல" என்றார். தூக்கிய அன்றைக்கே, இந்த ஆளுக்குக் காலில் வியாதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவர் சுற்றி நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். கல்லெறிக்கு நடுவில், போலீஸ்காரன் வாயிலிருந்து வந்த அந்த மலையாளத்தை யார் காதில் வாங்குவார்கள். மாமன் தன் ஊன்றுகோலைப் பார்த்தார்.

போலீஸ்காரர் உள்ளே பார்த்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்து மாமனிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். வெயிலில் நடந்து வந்ததில் எனக்கும் நாக்கு வறண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வழியெல்லாம் மலையாளத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவள் முன்னால் வாயில் வரவில்லை. அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவரவில்லை. அவள் தகப்பனாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.